முருங்கை மரம் கொல்லையில்தான் நின்றது

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில், வைட்டமின் ஏ உடலுக்குள் என்னவாகிறது என்று ஆராயும் கூடத்தில் சேர்ந்திருக்கிறாள். ஐந்து வருடம் எலிகளோடு கிடக்கவேண்டுமாம். மாலைக்கண்ணுக்கு முருங்கைக்கீரை என்று நம் முன்னோர் என்றைக்கோ சொல்லிவிட்டார்கள். இனி ஆராய என்ன இருக்கிறது? கல்யாண வயது வேறு.

ராமநாதன், காரைக்குடி

அன்புள்ள ராமநாதன்,

கல்யாணத்தை அவளிடமே கேளுங்கள். எலிகளை இளக்காரமாகப் பேசாதீர்கள். 1913ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மெக்கலமும் மார்கரீட் டேவிஸும், பன்றிக்கொழுப்பில் வளர்ச்சி நின்றுபோன எலிகள் வெண்ணெயின் சாரத்தில் மீண்டும் வளர்வதைக் கண்டார்கள். வைட்டமின் ஏ பிடிபட்டது அப்படித்தான். எலிகளைப் பராமரித்த டேவிஸுக்குச் சில ஆண்டுகள் சம்பளமே கிடையாது. முன்னோர் பட்டியலில் அவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ‘முன்னோர்’ என்ற சொல்லில்தான் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். சில நாட்களாகவே தம்பி நினைப்பு. அவனுக்கு நாலு வயதில் மணல்வாரி போட்டது. அம்மை வந்த வீட்டில் தாளிக்கக்கூடாது. கஞ்சி, உப்புப் போட்டு வேகவைத்த முருங்கைக்கீரை. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் எங்கள் அம்மா பயத்தில் பத்தியத்தை நீட்டிக்கொண்டே போனாள். ஒருநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் அவன் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தான். ‘குருட்டுக்கோழி’ என்று கூப்பிட்டுச் சிரித்தவன் நான்.

கீரையில் இருப்பது வைட்டமின் ஏ இல்லை ஐயா, கரோட்டின். குடல் அதை உறிஞ்சக் கொஞ்சமாவது எண்ணெய் வேண்டும். அங்கே ஒரு நொதி அதை வெட்டி வைட்டமின் ஏ ஆக்கவேண்டும். ஈரல் சேர்த்துவைக்கவேண்டும். ஈரலிலிருந்து ஒரு புரதம் சுமந்து போகவேண்டும். மணல்வாரியோ இருக்கிற கையிருப்பையும் கரைத்துவிடும். அந்த நேரம் பார்த்து நாம் எண்ணெயை நிறுத்தினோம், பக்தியோடு! கொல்லை நிறையக் கீரை, பிள்ளைக்குப் பார்வை இல்லை. இதையெல்லாம் முன்னோர் சொன்னார்களா?

பக்கத்து வீட்டு அத்தை ஆட்டு ஈரல் சுட்டுக் கொடுத்தாள். அந்த முன்னோரை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஈரலில் இருப்பது தயாராக உள்ள வைட்டமின். இரவுப் பார்வை திரும்பியது. ஆனால் அதற்குள் இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் சின்னப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு சிறு அளவு வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்தார்கள் மதுரை மருத்துவர்கள். 1990ல் முடிவு வெளியானது. சாவு பாதிக்குமேல் குறைந்திருந்தது. அந்த ஊர்களில் முருங்கை இல்லையா என்ன?

தம்பிக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் நான் அவனுக்கு வலது பக்கம்தான் உட்காருவேன்.