ஈக்குவாலிட்டியும் ஈக்விட்டியும் ஒன்றல்ல, தங்கச்சி

ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) ஆங்கிலக் கட்டுரையில் ஈக்குவாலிட்டி வர வேண்டிய இடத்தில் ஈக்விட்டி எழுதி மார்க்ஸ் போச்சு, இரண்டும் சமத்துவம்தானே என்று கேட்டிருக்கிறீங்க. இல்லை தங்கச்சி.

ஹட்டன் தேயிலைத் தோட்டப் பக்கம் பிள்ளைகளுக்கு நான் இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன்: செங்குத்து மலையில் கொழுந்து பறிக்கிறவருக்கும் சமதரையில் பறிக்கிறவருக்கும் ஒரே கிலோ கணக்கு வைத்து, குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) என்றால் அது ஈக்குவல், ஆனால் ஈக்விட்டபிள் இல்லை, மலையின் கஷ்டத்தைப் பார்த்துக் கிலோவைக் குறைத்தால் அதுதான் ஈக்விட்டி, அதாவது ஆளின் நிலைமை பார்த்துச் செய்கிற நியாயம். இலங்கையின் 1978 அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறதே, அங்கே வருவது ஈக்குவல். இரண்டுக்கும் வேர் ஒன்று, லத்தீனில் சமதளம் என்று பொருள்படும் சொல், அதனால்தான் இந்தக் குழப்பம்.

சமம் சார்ந்த வேறு சொற்களையும் பாருங்க. பேலன்ஸ் என்றால் முதலில் இரண்டு தட்டுத் தராசு, அப்புறம்தான் சமநிலை. விஞ்ஞானப் பாடத்தில் வரும் ஈக்விலிப்ரியமும் சமநிலைதான், அந்தச் சொல்லுக்குள்ளும் தராசைக் குறிக்கும் லத்தீன் சொல் ஒன்று இருக்கிறது. ஈக்வனிமிட்டி மனம் தடுமாறாமை. வணிகப் பாடத்தில் ஈக்விட்டி வந்தால் மட்டும் கவனம், அங்கே அது உரிமையாளரின் மூலதனம்.

மார்க்ஸ் வெட்டிய வாக்கியத்தை அப்படியே போடுங்க, பார்த்துச் சொல்கிறேன்.