கையெழுத்துப் போட்ட பிறகு அப்பீல் உண்டா?

வணக்கம். அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்ட தம்பிக்கு போதைப்பொருளுக்கு 5, துப்பாக்கிக்கு 5 என்று அடுத்தடுத்து 10 வருஷம். அப்பீல் உரிமையை விட்டுக்கொடுத்தாச்சு, இனி வழியில்லை என்கிறார் வக்கீல். இதுதானே நிலைமை?

துப்பாக்கிக் குற்றச்சாட்டு 924(சி) பிரிவாக (போதைப்பொருள் அல்லது வன்முறைக் குற்றத்தோடு சேர்ந்த துப்பாக்கிக்கான ஃபெடரல் சட்டப் பிரிவு) இருந்தால், அதை மற்றதோடு ஏககாலத்தில் ஓடவிட நீதிபதிக்கே அதிகாரமில்லை. அதில் மல்லுக்கட்டாதீர்கள்.

அப்பீல் விஷயத்தில் வக்கீல் சொன்னது பாதிதான் சரி. ஒப்புதலே மிரட்டலில் வாங்கியது என்பது போன்ற வாதங்களை அந்தக் கையெழுத்து அடைக்காது. தீர்ப்பு பதிவான 14 நாளுக்குள் அப்பீல் நோட்டீஸ் போடச் சொல்லித் தம்பி வக்கீலுக்கு எழுத்தில் கொடுக்கட்டும், நகல் முக்கியம். சொல்லியும் போடாவிட்டால், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2019 கார்சா தீர்ப்பின்படி, வக்கீலின் தவறால் வந்த பாதிப்பைத் தனியே நிரூபிக்காமலே அப்பீலை மீட்கலாம். அதற்கான 2255 மனுவுக்கு (ஃபெடரல் கைதி தன் தண்டனையை எதிர்த்து, அதை விதித்த கோர்ட்டிலேயே போடும் மனு) பொதுவாக, தீர்ப்பு இறுதியானதிலிருந்து 1 வருஷம். ஆனால் விட்டுக்கொடுத்த விஷயத்தையே வாதாடினால், அரசுத் தரப்பு, குற்ற ஒப்புதல் ஒப்பந்தத்தை மீறிவிட்டார் என்று கிளம்பும். முதலில் ஒப்பந்தத்தை வாங்கி, விதிவிலக்குகள் இருக்கும் பத்தியைப் படியுங்கள்.