செருப்பு சைஸைச் சொல்லி சாக்ஸ் வாங்கலாமா?

கேள்வி: வயது 54. முன்பு தோட்டத்தில் பால்மரம் வெட்டினேன், இப்போது சுங்கை சிப்புட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை. இரண்டு காலிலும் நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறது, மாலையில் வீங்குகிறது. மகன் ஆன்லைனில் கம்ப்ரஷன் சாக்ஸ் வாங்கித் தந்தான், செருப்பு அளவைச் சொல்லி எம் சைஸ். முழங்காலுக்குக் கீழே இறுக்குகிறது, அதனால் சுருட்டி விட்டுக்கொள்கிறேன். எல் சைஸ் வாங்கலாமா? இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உண்டு.

பதில்: அம்மா, முதலில் அந்தச் சுருட்டுவதை நிறுத்துங்கள். இந்த சாக்ஸ் கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்த வேண்டும், அப்போதுதான் இரத்தம் மேலே ஏறும். விளிம்பை மடித்தால் அங்கே ரப்பர் வளையம் போட்ட மாதிரி இறுகி, வேலையே தலைகீழாகிவிடும். அதற்காக நேரே எல் சைஸுக்கும் போக வேண்டாம். மேலே சுகமாக இருக்கும், கணுக்காலில் தொளதொளக்கும், காசுதான் வீண்.

செருப்பு சைஸ் பாதத்தின் நீளத்தைத்தான் சொல்லும். நமக்கு வேண்டியது காலின் சுற்றளவு. காலையில் எழுந்ததும், பசியாறுவதற்கு முன்பே, வீக்கம் இறங்கியிருக்கும்போது தையல் டேப்பை எடுங்கள். கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே மிக ஒல்லியான இடம், கெண்டைக்காலில் மிகப் பருத்த இடம், அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து தரையிலிருந்து முழங்கால் பின்மடிப்பு வரை உயரம். இரண்டு காலையும் அளக்க வேண்டும், வித்தியாசம் இருக்கலாம். பிறகு அந்தந்தக் கம்பெனியின் அட்டவணையைப் பாருங்கள், ஏனென்றால் ஒரு கம்பெனியின் எம் இன்னொன்றில் எல்லாக இருக்கும். கணுக்கால் ஒரு சைஸிலும் கெண்டைக்கால் அடுத்ததிலும் விழுந்தால் கணுக்காலை நம்புங்கள். அகலக் கெண்டைக்கால் வகை சில கம்பெனிகளில் உண்டு, ஃபார்மசியில் கேளுங்கள். உங்கள் சாக்ஸின் நீளமும் அதிகமோ என்று எனக்குச் சந்தேகம். விளிம்பு முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல் கீழே நிற்க வேண்டும், அதற்கு மேல் ஏறினால் குட்டை வகை வாங்குங்கள்.

பெட்டியில் 15–20, 20–30 என்று இருப்பது அழுத்தம், சைஸ் இல்லை. 20–30 எல்லாம் டாக்டர் சொன்னால் மட்டும்.

ஆனால் இனிப்பு நீர் என்று கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு முதல் வரி. கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) பாதத்தைக் காட்டி நாடித் துடிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் கையின் பிரஷரையும் கணுக்காலின் பிரஷரையும் ஒப்பிடுவார்கள். கணுக்காலில் இருப்பது கையைவிட மிகவும் குறைவு என்றால் இந்த சாக்ஸே கூடாது. இனிப்பு நீரால் மரத்துப்போன காலுக்கு இறுக்கம் தெரியாது, புண் வந்த பிறகுதான் தெரியும். டாக்டர் பார்த்துச் சொல்லும் வரை அந்த சாக்ஸ் அலமாரியிலேயே இருக்கட்டும். பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், அந்த மாத்திரையாலும் கால் வீங்கும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் சாக்ஸைத் தேடாமல் உடனே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

டாக்டர் சரி என்றால், கடைக்குக் கிளம்பும் முன் போட்டு, இரவு படுக்கும்போது கழற்றுங்கள். விரல் நீலம் பாரித்தாலோ சில்லிட்டாலோ உடனே கழற்ற வேண்டும். ஏற்றச் சிரமமாக இருந்தால் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு தடவி ஏற்றுங்கள், வழுக்காது. தினமும் போட்டால் மூன்று முதல் ஆறு மாதத்தில் இழுவை போய்விடும், அப்போது மறுபடி அளந்து புதிது வாங்குங்கள்.