டெஸ்ட் சாவியை நிஜச் சாவியோடு கலக்காதீங்க: வாசகர் கேள்விகள்

மெயிலைப் பூட்டி அனுப்பும் மென்பொருளோடு மல்லுக்கட்டும் நம்ம ஊர்க்காரர்கள் கேட்டவற்றில் சில.

எஸ்/மைம் (சான்றிதழ் வைத்து மெயிலைப் பூட்டும் முறை) டெஸ்டுக்கு ஒவ்வொரு தடவையும் புதுசா சான்றிதழ் உருவாக்குறோம். வேற வழி இல்லீங்களா? (சரவணம்பட்டி)

இருக்கிறது. 2022-இல் வந்த ஆர்எஃப்சி 9216 என்ற இணையத் தரநிலை வரிசை ஆவணத்தை எடுங்கள். ஆலிஸ், பாப், கார்லோஸ், டேனா என நான்கு பேரின் சான்றிதழும் ரகசியச் சாவியும் அதிலேயே அச்சாகியிருக்கின்றன. முதல் இருவருக்கு ஆர்எஸ்ஏ என்ற பழைய வகைச் சாவி, மற்ற இருவருக்கு 25519 என்ற புதிய வளைவு வகை. 2052 வரை செல்லும். அந்த வருடமும் உங்களுக்கு உதவும். சான்றிதழில் 2049 வரை இரண்டு இலக்க வருடம், 2050 முதல் நான்கு இலக்கம் என்பது விதி. இரண்டையும் உங்கள் மென்பொருள் சரியாகப் படிக்கிறதா என்பது போகிற போக்கில் தெரிந்துவிடும்.

ஆனால் அந்தச் சான்றிதழ்களுக்குக் கையெழுத்திடும் சிஏ (சான்றளிக்கும் அமைப்பு) உடைய ரகசியச் சாவியும் அதே ஆவணத்தில் ஊரறியக் கிடக்கிறது. அந்த சிஏ-வை நீங்கள் அன்றாடம் புழங்கும் கம்ப்யூட்டரின் நம்பிக்கைப் பட்டியலில் ஏற்றிவிடாதீர்கள். யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும் சான்றிதழ் அடித்து அனுப்பலாம், உங்கள் மெஷின் தலையாட்டும்.

எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல பையர் மெயிலுக்கு ஜிபிஜி (மெயிலைப் பூட்டும் இலவச மென்பொருள்) வெச்சிருக்கோம். அதே சிஸ்டத்துல டெஸ்ட் பண்ணலாமுங்களா? (திருப்பூர்)

பண்ணலாம், சாவிக்கொத்து மட்டும் தனியாக இருக்கட்டும். சாம்பிள் பீஸை ஷிப்மென்ட் பெட்டியில் போடுவீர்களா? ஜிபிஜி கட்டளையில் 'ஹோம்டிர்' தேர்வைக் கொடுத்து வேறு ஃபோல்டரைக் காட்டுங்கள். அதற்கு அனுமதி 700, அதாவது உங்களுக்கு மட்டும் என்று இருக்கட்டும். வேலை முடிந்ததும் அந்த ஃபோல்டரையே அழித்துவிடலாம். முகவரிக்கு எக்சாம்பிள் டாட் காம் போதும். அது 1999-இலேயே உதாரணங்களுக்கென்று ஒதுக்கப்பட்டது.

சாவியின் பெயரைத் தமிழிலேயே வையுங்கள்: 'கொங்கு சோதனை'. ஜிபிஜி பின்பற்றும் ஓபன்பிஜிபி தரநிலையில் பெயர் யுடிஎஃப்-8, அதாவது எல்லா மொழி எழுத்தும் ஏற்கும் குறியீட்டு முறை என்பதால் தடையில்லை. பட்டியலில் 'கொ'வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிரிந்து நின்றால் அது உங்கள் திரையின் கோளாறு. ஆலிஸ், பாப் என்று ஆங்கிலத்திலேயே சோதித்தால் இது கண்ணிலேயே படாது.

டெஸ்ட் சாவியை, எல்லாரும் தேடி எடுக்குற சாவி சர்வர்ல ஏத்திட்டேன். எடுக்க முடியுமா அண்ணா? (ஈரோடு, கல்லூரி மாணவி)

எந்த சர்வர் என்பதைப் பொறுத்தது தங்கச்சி. கீஸ் டாட் ஓபன்பிஜிபி டாட் ஆர்க் என்றால் கவலை வேண்டாம். மெயில் வழியே நீங்கள் உறுதி செய்யாமல் அது முகவரியை வெளியிடாது, நீக்கவும் செய்யலாம். பழைய எஸ்கேஎஸ் வகை சர்வர்களில் ஏறியது ஏறியதுதான்.

நானே பட்டிருக்கிறேன். என் சொந்த முகவரியில் ஒரு டெஸ்ட் சாவி செய்து, அப்படியொரு சர்வரில் ஏற்றி, பிறகு ஃபோல்டரை மொத்தமாக அழித்தேன். நண்பர் ஒருவர் அந்தச் சாவியில் பூட்டி ஒரு மெயில் அனுப்பினார். திறக்க வழியில்லை. சாவி செல்லாது என்று அறிவிக்கவும் முடியவில்லை, ஏனென்றால் ஜிபிஜி தானாக எழுதிவைக்கும் ரத்துச் சான்றும் அதே ஃபோல்டரோடு போய்விட்டது. உங்களிடம் ஃபோல்டர் இன்னும் இருந்தால் இன்றைக்கே ரத்துச் சான்றை ஏற்றிவிடுங்கள்.

பி12 ஃபைல் (சான்றிதழும் ரகசியச் சாவியும் சேர்ந்த பொட்டலம்) என் லினக்ஸ்ல திறக்குது, ஆபீஸ் பழைய விண்டோஸ்ல பாஸ்வேர்டு தப்புங்குது. (பெருந்துறை)

பாஸ்வேர்டு சரிதான். இந்த ஃபைலை உருவாக்கப் பயன்படும் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளின் 2021-இல் வந்த 3.0 பதிப்பு, பி12-ஐப் பூட்டும் முறையை ஏஇஎஸ்-256 என்ற வலுவான பூட்டுக்கு மாற்றிவிட்டது. பழைய மெஷினுக்கு அது புரியாது, அதனால் பாஸ்வேர்டு மேல் பழி. 'லெகஸி' தேர்வோடு மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள், டெஸ்ட் சாவிக்கு மட்டும். நிஜச் சாவிக்கு அந்தப் பழைய பூட்டு பலவீனம்.

நேத்துவரைக்கும் ஓடின டெஸ்ட் இன்னைக்குக் காலைல எல்லாமே ஃபெயில். ப்ரோக்ராமை யாரும் தொடலைங்க. (பொள்ளாச்சி)

சான்றிதழ் காலாவதி தேதியைப் பாருங்கள், அநேகமாக நேற்றோடு முடிந்திருக்கும். புதிதாக ஒன்று செய்துகொள்ளுங்கள். பழையதை வீசாமல் 'காலாவதி' என்று பெயரிட்டு வையுங்கள், மென்பொருள் அதை மறுக்கிறதா என்று சோதிக்க அதுவும் வேண்டும்.