நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்க மனையை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தனியார் ஆலையில் டர்னராக வேலை பார்க்கிறேன். வயது 48. பிடித்தம் போக மாதம் 46,000 ரூபாய் கைக்கு வருகிறது. மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பொறியியல் கட்-ஆஃப் 168. ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க நான்கு ஆண்டுகளுக்கு 14 லட்சம் ஆகும். கவுன்சிலிங்கில் போனால் இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) கிடைக்கும் என்கிறார்கள்; பஸ் கட்டணம், புத்தகம் எல்லாம் சேர்த்து நான்கரை லட்சத்துக்குள் முடிந்துவிடும். வங்கி வைப்பில் 4 லட்சம், பி.எஃப். கணக்கில் 9 லட்சம், திருநின்றவூரில் ஒரு மனை இருக்கின்றன. மனையை வைத்து 10 லட்சம் கல்விக் கடன் வாங்கி, மீதியை பி.எஃப். பணத்திலிருந்து எடுக்கலாமா? எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்புக்குப் போகும் முதல் ஆள் இவள்தான். மகன் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு.
– ஒரு வாசகர், பட்டரவாக்கம்

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. மகளின் படிப்புக்கு இவ்வளவு செலவிடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்தக் கடனைத் திருப்பிக் கட்டப்போவது உங்கள் சம்பளமா, அவருடைய முதல் சம்பளமா என்ற கேள்விக்கு உங்கள் திட்டத்தில் இன்னும் விடை இல்லை என்பதால் சொல்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு இரண்டரை லட்சம் வீதம் நான்கு தவணையாகப் பணம் விடுவிக்கப்படுகிறது, வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலத்துக்கும் அதற்குப் பின் ஓராண்டுக்கும் தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும், வட்டி முதல் நாளிலிருந்தே ஏறிக்கொண்டுதான் இருக்கும். ஐந்தாம் ஆண்டு முடிவில் அசல் 10 லட்சத்தோடு சுமார் மூன்றரை லட்சம் வட்டி சேர்ந்து பதின்மூன்றரை லட்சமாக நிற்கும். அதைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதம் ஏறத்தாழ 17,800 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தத்தில் 21 லட்சத்துக்கு மேல் போய்விடும். ஐ.டி. நிறுவனங்கள் புதிதாகச் சேரும் பட்டதாரிக்கு ஆண்டுக்கு மூன்று முதல் நான்கு லட்சம் வரை கொடுப்பதே இன்றும் பரவலான வழக்கம். அந்தச் சம்பளத்தில் மாதம் 17,800 ரூபாய் போனால், வேலை பெங்களூருவிலோ பழைய மகாபலிபுரம் சாலையிலோ கிடைத்தாலும், வாடகையும் சாப்பாடும் உங்கள் தலையில்தான் விழும். அப்போது உங்களுக்கு 53 வயது.

கம்ப்யூட்டர் சயின்ஸ் என்ற பெயர் அந்தக் கூடுதல் சுமையைத் தாங்குமா என்பதை விளம்பரப் பலகையில் இருக்கும் அதிகபட்ச சம்பளத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது ஒரே ஒரு மாணவருக்குக் கிடைத்ததாகக்கூட இருக்கலாம். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காகக் கல்லூரிகள் சமர்ப்பிக்கும் விவரப் படிவம் பெரும்பாலும் அவற்றின் இணையதளத்திலேயே கிடைக்கும். அதில் எத்தனை பேர் குறித்த காலத்தில் தேர்ச்சி பெற்றார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், வேலை பெற்றவர்களை வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் ஆண்டுச் சம்பளம் என்ன என்ற நான்கும் இருக்கும். இரண்டு கல்லூரிகளின் படிவங்களையும் மகளோடு உட்கார்ந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அவை துறைவாரியாகப் பிரித்திருக்காது. எனவே துறைக்கான எண்ணிக்கையைக் கல்லூரியிடமே எழுத்து மூலம் கேளுங்கள். இன்னொன்று, பெரிய ஐ.டி. நிறுவனங்கள் வளாகத் தேர்வில் இ.சி.இ. மாணவர்களையும் எடுக்கின்றன.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசிக்கு முந்தைய வரி. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத் தமிழக அரசு தரும் கல்விக் கட்டணச் சலுகை கவுன்சிலிங் வழியாகச் சேர்பவர்களுக்கு மட்டுமே உண்டு. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேர்த்தால் அதை இழப்பீர்கள். அந்தச் சலுகையைக் கழித்தால் உங்கள் நான்கரை லட்சம் இன்னும் குறையும்.

கவுன்சிலிங் இடத்துக்கும் 3 லட்சம் கல்விக் கடன் வாங்குங்கள் என்பேன். கையிருப்பு 4 லட்சத்தை மொத்தமாகக் கரைக்க வேண்டாம். வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை சொத்துப் பிணையமோ மூன்றாம் நபர் ஜாமீனோ தேவையில்லை. ஏழரை லட்சத்தைத் தாண்டினால்தான் சொத்தைக் கேட்பார்கள். ஆண்டுக்கு 75,000 வீதம் எடுத்தால், முதல் ஆண்டு மாத வட்டி 625 ரூபாய், நான்காம் ஆண்டில் 2,500 ரூபாய். இதைப் படிக்கும்போதே மாதாமாதம் கட்டிவிடுங்கள். உங்கள் சம்பளத்தில் முடியும். அப்படிக் கட்டுவோருக்குப் பல வங்கிகள் வட்டியில் சலுகை தருகின்றன, மாணவிகளுக்குத் தனியாகவும் அரை சதவீதம் குறைப்பதுண்டு. இரண்டையும் கிளை மேலாளரிடம் கேட்டுப் பெறுங்கள். அசலாக நிற்கும் 3 லட்சத்தை ஐந்தே ஆண்டுகளில் மாதம் 6,400 ரூபாய்க்குள் மகள் தன் சம்பளத்திலிருந்து அடைத்துவிடலாம். கடனில் முதல் கடனாளி அவர், நீங்கள் இணைக் கடனாளி. தவணை தவறினால் கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண் இருவருக்கும் அடிபடும் என்பதை அவருக்கு இப்போதே சொல்லிவிடுங்கள்.

கல்விக் கடன் வட்டிக்கு வரிச் சலுகை உண்டு என்று யாராவது ஆசை காட்டினால் அதை நம்பிக் கடனைப் பெரிதாக்க வேண்டாம். அந்தச் சலுகை பழைய வரி முறையில் மட்டும்தான்; உங்கள் வருமானத்துக்குப் புதிய முறையில் வரியே வராது.

பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள். மகளுக்குக் கடன் கொடுக்க வங்கி இருக்கிறது. உங்கள் ஓய்வுக்காலத்துக்கு எந்த வங்கியும் கடன் தராது. மனை விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். மகள் நான்காம் ஆண்டில் இருக்கும்போது மகன் கல்லூரிக்குள் நுழைவான். அப்போது மனைப் பத்திரம் வங்கியில் முடங்கிக் கிடந்தால், அவனுக்குப் பெரிய கடன் தேவைப்படும்போது பிணையமாகக் காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது.

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். வருவாய்த் துறை விசாரித்துத் தருவதால் சில நாட்கள் பிடிக்கும். கவுன்சிலிங் சான்றிதழ் சரிபார்ப்புக்கு முன் அது கையில் இருக்க வேண்டும்.