கடையை யார் பேருக்கு எழுதறது?

கேள்வி: அப்பா ஆரம்பிச்ச ஜவுளிக்கடை இப்போ மூணு கிளை. அண்ணனும் நானும் பாத்துக்கறோம், தங்கச்சி கல்யாணமாகி வெளியூர்ல. யாருக்கு எவ்வளவுன்னு எழுதி வைங்கன்னா 'நான் உசுரோட இருக்கறப்பவே பாகம் கேக்கறியா'ன்னு அப்பா கோவிச்சுக்கறார். வால்மார்ட் குடும்பம் மட்டும் எப்படி உடையாம இருக்கு?
– வாசகர், விருதுநகர்

பதில்: தம்பி, அவங்க எழுதினது கோடி கோடியா சேர்ந்த அப்புறம் இல்ல, பெருசா ஒண்ணும் இல்லாதப்பவே. வால்மார்ட்டை ஆரம்பிச்ச சாம் வால்டன் 1945-ல அமெரிக்காவுல ஆர்கன்சா மாகாணத்துல நியூபோர்ட்ங்கற சின்ன ஊர்ல, மாமனார்கிட்ட 20,000 டாலர் கடன் வாங்கி ஒரு கடை எடுத்தார், வியாபாரம் பிச்சுக்கிட்டு போச்சு, ஆனா வாடகைப் பத்திரத்துல புதுப்பிக்கிற ஷரத்து இல்லங்கறதை கவனிக்கல, கட்டட ஓனர் தன் பையனுக்குக் கடை வேணும்னு சொல்லிட்டார், அவ்வளவுதான், 1950-ல பென்டன்வில் போய் முதல்ல இருந்து ஆரம்பிச்சார். (உங்க கிளைல எது வாடகை, பத்திரம் எப்போ முடியுது? பாகத்தை விட அது அவசரம்.)

1953-ல மாமனார் யோசனைல குடும்பத்துக்குன்னு ஒரு பார்ட்னர்ஷிப் போட்டாங்க. நாலு பிள்ளைங்களுக்கும் ஆளுக்கு 20 சதவீதம், மிச்ச 20 அப்பா அம்மாவுக்கு. கடைக்குட்டி ஆலிஸுக்கு அப்போ மூணு நாலு வயசுதான், பொண்ணுன்னு அரை சதவீதம் கூட குறைக்கல. முதல் வால்மார்ட் கடையே 1962-லதான் திறந்தாங்க! மதிப்பு ஏறுறதுக்கு முன்னாடியே கொடுத்ததால வரியும் மிச்சம், 1992-ல சாம் இறந்தப்போ புதுசா பிரிக்க பெருசா ஒண்ணும் மிச்சமில்ல. பங்கைத்தான் பிரிச்சாங்க, சொத்து ஒரே இடத்துலதான் இருந்துச்சு, பிடியும் பெரியவங்க கையிலதான். உங்கப்பாவோட பயத்துக்கு பதில் இதுலதான் இருக்கு.

அடுத்து, நடத்தறது வேற, பங்கு வேற. 1988-லயே சாம் சிஇஓ நாற்காலியை டேவிட் கிளாஸ்ங்கற, குடும்பத்துல இல்லாத ஒருத்தருக்கு கொடுத்துட்டார். மூத்தவர் ராப் சேர்மனா இருந்தார், 2015-ல அவரோட மருமகன் வந்தார். ஆலிஸ் மியூசியம் கட்டினாங்க, இன்னொரு பையன் ஜிம் பேங்க் பக்கம் போனார், கல்லாவுல உக்காந்தாதான் பங்குன்னு யாரும் சொல்லல. நீங்களும் அண்ணனும் உழைக்கிறதுக்கு சம்பளம் எடுத்துக்கங்க, பங்குல தங்கச்சிக்கும் சமமா வைங்க.

அதுக்காக எல்லாத்தையும் காப்பி அடிக்காதீங்க, கடை ஆளுங்களுக்கு கம்மி சம்பளம், சின்ன ஊர் கடைகளை மூட வெச்சாங்கன்னு அவங்க மேல புகார் ஏகப்பட்டது. உங்க கஸ்டமரை இழுக்கற ஃபிளிப்கார்ட் கூட 2018-ல இருந்து அவங்க கையிலதான்!

அப்பா சொந்தமா சம்பாதிச்ச சொத்துக்கு உயில் இல்லாம போனா, இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் உங்க மூணு பேருக்கும் சமபங்கு, அப்பாவோட அம்மா இருந்தா அவங்களுக்கும் உண்டு. முதல்ல தங்கச்சிகிட்ட பேசிடுங்க. அப்புறம் அப்பாகிட்ட பாகம்ங்கற வார்த்தையே எடுக்காதீங்க, 'கடைசி முடிவு உங்களோடதுதான்னு பார்ட்னர்ஷிப் பத்திரத்துலயே எழுதிக்கலாம்பா, ஆடிட்டரை ஒரு நாள் வரச் சொல்லவா'ன்னு மட்டும் கேளுங்க.