பச்சைக்காய்ப்புழுவுக்குச் செயற்கை உணவு: கேள்வி பதில்

கே: பச்சைக்காய்ப்புழுவுக்கு (ஹெலிகோவெர்பா ஆர்மிஜெரா) உணவு தயாரிக்க அளவு வேண்டும்.

ப: கொண்டைக்கடலை மாவு 105 கிராம், ஈஸ்ட் 10, மெத்தில் பாராபென் 2, சோர்பிக் அமிலம் 1. இவற்றை 390 மில்லி தண்ணீரில் மிக்சியில் அடியுங்கள். இன்னொரு 390 மில்லியில் உணவை உறையவைக்கும் அகர் தூள் 12.75 கிராமைத் தெளியும்வரை கொதிக்கவிட்டுக் கலக்குங்கள். 60 டிகிரிக்குக் கீழே இறங்கியபின் அஸ்கார்பிக் அமிலம் 3.25 கிராம், மல்டிவைட்டமின், 10 சதவீத ஃபார்மால்டிஹைடு 2 மில்லி சேருங்கள். கொதிக்கும் கலவையில் வைட்டமினைப் போடாதீர்கள், வீணாகிவிடும். ரொம்பவும் ஆறவிட்டால் கையிலேயே உறைந்துவிடும்.

கே: முதல் நாளே குஞ்சுப்புழுக்கள் சாகின்றன.

ப: சூட்டோடு மூடியிருப்பீர்கள். மூடியில் வியர்த்த நீர் சொட்டி, புழு அதில் மூழ்கிவிடும். முழுதும் ஆறி, மேற்பரப்பு உலர்ந்தபின் புழுவை விடுங்கள்.

கே: ஒரே டப்பாவில் இருபது விட்டேன், நான்குதான் மிச்சம்.

ப: ஒன்றையொன்று தின்றுவிட்டன. மூன்றாம் பருவத்துக்குள் (இரண்டாம் முறை தோலுரிக்குமுன்) தனித்தனிக் குழிக்கு மாற்றுங்கள்.

கே: ஃபார்மலின் (ஃபார்மால்டிஹைடு கரைசல்) அவசியமா? நாங்கள் நிறுத்திவிட்டோம், ஒன்றும் ஆகவில்லை.

கே (வேறொருவர்): நாங்களும் நிறுத்தினோம். புழுக்கள் தலைகீழாகத் தொங்கிச் செத்தன.

ப: இரண்டுமே நடக்கும். தலைகீழாகத் தொங்குவது, புழுக்களைக் கொல்லும் என்பிவி வைரஸின் அடையாளம். ஃபார்மலின் அதைச் செயலிழக்கச் செய்யும். கூட்டம் சுத்தமாக இருக்கும்வரை அது இல்லாமலும் ஓடும், ஒரு முட்டைத் தொகுதி கறைபட்டால் போயிற்று. ஆனால் என்பிவி உற்பத்திக்கோ சோதனைக்கோ வளர்ப்பவர் ஃபார்மலினைத் தொடவே கூடாது. அதேபோல் பிடி (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்) சோதனைக்கான உணவில் ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் பாக்டீரியாக்கொல்லி கூடாது. பிடி ஒரு பாக்டீரியா, முடிவே தடம் மாறிவிடும். ஆக, எதற்காக வளர்க்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். இன்னொன்று: கடையில் கிடைக்கும் ஃபார்மலின் 37–40 சதவீதம். நீர்க்காமல் ஊற்றினால் நாலு மடங்கு, புழு வாயே வைக்காது.

கே: பூஞ்சணம் பிடிக்கிறது.

ப: பூஞ்சணத்தைத் தடுக்கும் மெத்தில் பாராபென் குளிர்ந்த நீரில் சரியாகக் கரையாது. கொஞ்சம் எத்தனாலில் கரைத்துச் சேருங்கள். கைகளையும் கருவிகளையும் சுத்தமாக வையுங்கள்.

கே: எங்களுக்கும் பூஞ்சணம்...

ப: மேலே இருக்கிறது.

கே: இதே உணவில் படைப்புழு வருமா?

ப: வரும், அதுவும் ஒன்றையொன்று தின்னும்.

கே: வெள்ளை ஈக்கு?

ப: சாறுறிஞ்சிக்கு மாவு உணவு ஆகாது. பாராஃபிலிம் என்னும் மெல்லிய நீளும் சவ்வுகளுக்கிடையே சர்க்கரைக் கரைசல் வைக்கும் முறையைத் தேடுங்கள்.

கே: பூஞ்சணத்துக்கு ஃபார்மலினைக் கூட்டலாமா?

ப: கூடாது.